அத்தாயி ரத்தத்தில் குடியிருந்த பூச்சி

தேவனூர் நாட்டில் அத்தாயியைப் போல வேகமாக மலை ஏறுகிறவள் யாருமில்லை. அவளைப் போல வேகமாகப் பேசுகிறவளும் யாருமில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வாள் என்பதுதான் கூட நடக்கிறவர்களுக்குப் பெரிய சோதனை. தலையில் சும்மாடு, அதன்மேல் உப்பு மூட்டையோ மண்ணெண்ணெய் டின்னோ இருக்கும். அடிவாரத்தில் தொடங்கிய பேச்சு மேலே ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் முடியும். கொல்லிமலைக்கு ரோடு வராத காலம் அது. சேந்தமங்கலம் சந்தையில் வாங்கிய எந்தச் சாமானும் யாராவது ஒருவர் தலையில் ஏறித்தான் மலைக்கு வந்தாக வேண்டும். முப்பத்தெட்டு வயதில் அத்தாயி அந்த வேலையில் ஆண்களையே மூச்சு வாங்க வைத்தாள். அவள் புருஷன் கருப்பண்ணன் சாமைக்காட்டைப் பார்த்துக்கொண்டான். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவனுக்கு அந்த வேலை மிச்சம்.

1960ஆம் வருஷம் ஆனி மாதம் அவள் தலையில் ஒரு புது தினுசான சுமை ஏறியது. பளபளவென்று பாலிஷ் போட்ட மரப்பெட்டி, பித்தளைப் பூட்டு. அதற்குள் இருந்தது மைக்ராஸ்கோப். மலேரியா முகாமுக்காக மேலே போகிறது. பெட்டிக்குப் பொறுப்பாளி அர்த்தனாரி, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது. ரத்தப் பரிசோதனை படித்துவிட்டு வந்த முதல் வேலை. அவன் அவள் பின்னாலேயே கையை ஏந்திக்கொண்டு வந்தான், பெட்டி விழுந்தால் பிடித்துக்கொள்வானாம்.

“ஏனுங்கக்கா, மெதுவாங்க, மெதுவா! உள்ள இருக்கறது கண்ணாடிங்க!”

“கண்ணாடின்னா என்னங்க தம்பி, கல்லுன்னா என்னங்க? என்ற தலையில ஏறிட்டா ரெண்டும் ஒண்ணுதானுங்க. நீங்க உங்க காலைப் பாத்து வெய்யுங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, அர்த்தனாரி சறுக்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அத்தாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு சிரித்தபடி மேலே போனாள்.

அந்தப் பையன் கால் தடுமாறியதற்கு வேறு காரணமும் இருந்தது. கொல்லிமலையில் ராத்தங்கினால் மலைக்காய்ச்சல் வரும் என்பது கீழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அடிவாரத்து ஆட்கள் மிளகு வாங்கவும் மாடு வாங்கவும் காலையில் ஏறுவார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். தப்பித்தவறித் தங்கியவன் பத்துப் பதினைந்து நாளில் கம்பளிக்குள் கிடந்து நடுங்குவான். மலைக்காரர்களுக்கோ இதில் ஒரு பெருமை. அதே ஓடை, அதே கொசு, ஆனால் அவர்கள் பாட்டுக்கு மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். ‘மலை தன் பிள்ளையை அடிக்காது’ என்று அதற்கு ஒரு பேச்சும் வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரன் எதிரில் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள்.

முகாம் போட்டது ஊர்ச் சாவடியில். பெட்டியை இறக்கிவிட்டு அத்தாயி திரும்பிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. வேடிக்கை பார்க்க நின்றவள் அரை மணி நேரத்தில் முகாமையே நடத்த ஆரம்பித்துவிட்டாள். வேலை இதுதான்: பிள்ளைகளைப் படுக்கவைத்து, இடப்பக்கம் விலாவுக்குக் கீழே அமுக்கி, கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இருப்பது மண்ணீரல். காய்ச்சல் பூச்சியோடு சண்டை போட்டுப் போட்டு அது வீங்கிப்போகும். அப்புறம் எல்லாருக்கும் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைக்க வேண்டும். ஊசியைக் கண்டதும் ஊர் ஜனம் சாவடியை விட்டுப் பத்தடி பின்வாங்கியது.

“அட்டை கடிச்சு உறிஞ்சினா சும்மா நிக்கறீங்க, அரசாங்கம் ஒரு சொட்டுக் கேட்டா ஓடறீங்களே! வாங்கடா இக்கட்ட!” என்று அத்தாயி போட்ட போட்டில் ஆம்பிளைகள் வெட்கப்பட்டு வரிசைக்கு வந்தார்கள். முதல் விரல் அவளுடையது. சாயங்காலத்துக்குள் கண்ணாடியில் ரத்தத்தை மெல்லிசாக இழுப்பது எப்படி, காய்கிறவரைக்கும் ஈ மொய்க்காமல் விசிறுவது எப்படி என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

மூன்றாம் நாள் காலை அர்த்தனாரி சாவடிக்குள்ளிருந்து கத்தினான்.

“அக்கா! ஓடியாங்க! உங்க ரத்தத்துல இருக்குதுங்க!”

அவள் ஒரு கண்ணை மூடிக் குழாயில் மறு கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அவன் திருகாணியைத் திருப்பியதும், அடேயப்பா! பாயில் கொட்டிப் பரப்பின மாதிரி வட்ட வட்டமாக வெளிர் மணிகள். நடுவில் ஒரு மணிக்குள் மட்டும் மெல்லிய நீல வளையம், வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. கல் வைத்த மோதிரத்தைச் சுண்டுவிரல் நகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் செய்தால் அப்படித்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அர்த்தனாரி கால்மணி நேரம் தேடியிருந்தான்.

“இதா மலைக்காய்ச்சல்?”

“இதேதானுங்க.”

“இது எனக்குள்ள இருக்குதா?”

“இருக்குதுங்க. உங்களுக்குக் காய்ச்சல் ஏதாச்சும் அடிக்குதுங்களா?”

“எனக்குக் காய்ச்சல் வந்து இருவது வருசம் ஆச்சுங்க தம்பி! நேத்துக்கூட ரெண்டு மணு உப்பு சுமந்தேன்!”

வேறொருத்தியாக இருந்தால் உடம்புக்குள் பூச்சி இருக்கிறதே என்று தலையில் கை வைத்திருப்பாள். அத்தாயிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அர்த்தனாரிக்கும்தான். புத்தகத்தில் படித்ததை உயிரோடு எதிரில் நிற்கக் கண்டுவிட்டான் அல்லவா! பேச்சு அவனுக்கு முந்தி முந்தி வந்தது. சின்ன வயதிலிருந்து இந்தப் பூச்சியோடு மல்லுக்கட்டி உடம்பு அதைப் பழகிக்கொண்டது, ஒரேயடியாக ஒழிக்கவில்லை, தலையெடுக்கவும் விடவில்லை, அமுக்கியே வைத்திருக்கிறது என்றான். கண்ணாடியை நகர்த்தி இன்னொன்றையும் காட்டினான். மற்ற மணிகளைவிடப் பெரிதாக, ஊதாக் கருவோடு ஒன்று தனியாகக் கிடந்தது.

“வெள்ளை அணுங்க. இதுவும் இதோட கூட்டாளிகளும்தான் உங்க காவக்காரங்க.”

“இம்புட்டுப் பெருசா! என்ற ஆளா இது?” என்று அத்தாயி அதையே வெகுநேரம் பார்த்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முச்சூடும் தெரிந்துவிட்டது. அத்தாயி ரத்தத்தில் பூச்சி இருக்கிறது, ஆனால் அதன் ஜம்பம் அவளிடம் சாயவில்லை! அர்த்தனாரி அவளுக்குக் கொடுத்த மாத்திரைகளை, “நோவு கண்டவங்களுக்குக் குடுங்க தம்பி” என்று திருப்பிக் கையில் வைத்துவிட்டாள். அவன் வற்புறுத்தியிருக்க வேண்டும். அந்த உற்சாகத்தில் அவனும் விட்டுவிட்டான். நான்கு நாளில் முகாம் செம்மேட்டுக்கு மாறியது, பெட்டியை அங்கேயும் அத்தாயிதான் சுமந்துகொண்டு போய் வைத்தாள்.

ஆடி நோம்பிக்கு அவள் தம்பி காளியண்ணன் மலைக்கு வந்தான். ஒன்பது வருஷம் கழித்து வருகிறான். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்றில் வேலை. அங்கேயே ருக்குமணி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான், கீழ்நாட்டுப் பெண். அதனால்தான் இத்தனை வருஷமும் வரப் பயந்து கிடந்தான். ஊர் என்ன சொல்லுமோ, ஊர்க்கவுண்டர் என்ன சொல்வாரோ என்ற பயம். அத்தாயி முதுகில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனை எல்லையில் கண்டதும் சுமையை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு ஓடினாள். “வந்துட்டியா சாமி, வந்துட்டியா!” என்பதற்கு மேல் அன்றைக்கு அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கே அது அதிசயம்.

ருக்குமணி பெட்டியிலிருந்து இரண்டு சாமானை வெளியே எடுத்தாள். ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட கல்யாணப் போட்டோ. மற்றது ஒரு காகிதப் பொட்டலம். அடிவாரத்தில் மலேரியாக்காரர்கள் மேலே ஏறுகிறவர்களுக்குக் கொடுத்த மாத்திரை, இரண்டு பேருக்கும் சேர்த்து எட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆளுக்கு இரண்டு முழுங்க வேண்டும்.

அத்தாயி பொட்டலத்தை வாங்கி அப்படியே ருக்குமணி மடியில் வைத்தாள்.

“எட்டும் நீயே முழுங்கு கண்ணு. நீ ஒறம்பரை. இவனுக்கு எதுக்கு? இவன் இந்த மண்ணுல பொறந்தவன். என்ற ரத்தத்தை நானே கண்ணால பாத்தேன், பூச்சி இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாம முழிச்சுக்கிட்டுக் கெடக்குது. எனக்கும் இவனுக்கும் ஒரே ரத்தம்தானே!”

ஒறம்பரை என்றால் விருந்தாளி. பிறந்த வீட்டுப் பிள்ளையை ஒறம்பரை என்று சொல்வதை மலையில் வசவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வராமல் இருந்த காளியண்ணன், அக்கா வாயாலேயே தான் ஒறம்பரை இல்லை என்று கேட்டதும் குளிர்ந்துபோனான். ருக்குமணி தயங்கித் தயங்கி, “ரெண்டாச்சும் முழுங்குங்க” என்றாள். “மாத்திரை முழுங்கினா ஊருல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க புள்ள” என்று அவன் மறுத்துவிட்டான்.

ஆடிப்பெருக்கு முடிந்தது, ஊர்க்கவுண்டரும் முறைப்பதை நிறுத்திவிட்டு ருக்குமணியை “வாம்மா” என்று கூப்பிட ஆரம்பித்தார். காளியண்ணன் மச்சானோடு காட்டுக்குப் போனான், களை எடுத்தான். மலைக்கு வந்த மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை வேலை நடுவில் உட்கார்ந்தான். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. இரண்டு கம்பளி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு உடம்பு கொதித்தது, பிறகு குளிக்க வார்த்த மாதிரி வியர்த்தது. வியாழக்கிழமைக்குள் கண் மஞ்சள் பூத்து, குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாகி, பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஊர்க்கவுண்டர் வந்து பார்த்தார். அவர் கெட்டிக்காரர், எதையும் யோசித்துத்தான் சொல்வார். அன்றைக்கும் யோசித்தே சொன்னார்.

“இது மலைக்காய்ச்சல் இல்ல. மலைக்காய்ச்சல்னா மொதல்ல கீழ்நாட்டுப் புள்ளைக்கல்ல வரணும்? அது கல்லாட்டம் நிக்குது. இவன் மலையில பொறந்தவன், இவனை எப்படித் தொடும்? இது ஆலையில வாங்கியாந்த நோவு. டோலி கட்டித் தூக்கிட்டுக் கீழ போயிருங்க.”

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், முதலில் ஆட்டியது அத்தாயிதான். செங்குத்தான இறக்கத்தில் ஒரு பகல் முழுக்க டோலியில் குலுங்கினால் இந்த உடம்பு தாங்குமா என்ற பயம் எல்லார் நெஞ்சிலும் இருந்தது. வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. கருப்பண்ணன் மூங்கில் வெட்டப் போனான்.

அப்போது மூலையில் இருந்த ருக்குமணி வாய் திறந்தாள். வந்த நாளிலிருந்து அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

“நங்கைங்க...” என்று நாத்தியைக் கூப்பிட்டாள். “எனக்கு ஏன் வரலைன்னா... நான் மட்டுந்தானுங்களே மாத்திரை முழுங்கினேன்.”

அத்தாயி தன் கையையே பார்த்தாள். அந்தப் பொட்டலத்தை வாங்கி இவள் மடியில் வைத்தது எந்தக் கை? அடுத்த கணம் பழைய அத்தாயி ஆகிவிட்டாள்.

“கவுண்டரே, இது மலைக்காய்ச்சல்தானான்னு அந்தப் பெட்டிக்குள்ள பாத்தாத் தெரிஞ்சுரும். செம்மேட்டு முகாமுக்கு வெள்ளிக்கிழமைதோறும் டாக்டர் வருவாரு. வாந்தி எடுக்கறவனுக்கு மாத்திரை நிக்காது, ஊசிதான் போடணும். ரத்தத்துல பூச்சியிருந்தா அவரை நான் கூட்டியாரேன். இல்லைன்னா தூக்கிட்டுப் போங்க.”

“எம்புட்டு நேரம் வெச்சிருக்கறது? இருட்டறதுக்குள்ள அடிவாரம் சேர வேண்டாமா? வெயில் உச்சிக்கு வர்றவரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்” என்றார் கவுண்டர்.

ரத்தம் எடுக்க ஊக்கு இருந்தது. தடவக் கண்ணாடி? அத்தாயி வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். மலைவீட்டில் கண்ணாடிக்கு எங்கே போவது? அவள் தேடி முடிப்பதற்குள் பின்னால் ‘சலார்’ என்று சத்தம் கேட்டது. ருக்குமணி கல்யாணப் போட்டோவைச் சட்டத்தோடு அம்மிமேல் அடித்திருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் “ஐயோ, அபசகுனம்!” என்று வாயைப் பொத்தினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. விரல் நீளத்தில் இரண்டு சில்லைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து நீட்டினாள். அந்த நொடியில் அத்தாயிக்கு அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. நேரமில்லாததால் கொடுக்கவில்லை.

காளியண்ணன் விரலில் ஊக்கு இறங்கியது. அவனுக்கு அது தெரியவில்லை. ஒரு சில்லின்மேல் சொட்டை வைத்து, மற்றதன் விளிம்பால் ஒரே இழுப்பு. விசிறிக் காயவைத்து, ஈ அண்டாமல் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மடியில் செருகிக்கொண்டு அத்தாயி ஓடினாள்.

செம்மேட்டுக்கு மூன்று மணி நேர நடை. சுமையில்லாமல் அந்தப் பாதையில் அவள் ஓடியதே இல்லை. சும்மாடு இல்லாத தலை வெறுமையாக ஆடியது. இரண்டு ஓடையைத் தாண்டினாள், வரப்பு வளைந்த இடத்தில் வளையாமல் சாமைக்குள்ளேயே புகுந்து போனாள். காட்டுக்காரன் கத்தினான், “பொறவு வந்து பேசறேன்!” என்று இவளும் கத்தினாள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முகாம் வாசலில் மூச்சிரைக்க நின்றாள்.

டாக்டர் அப்போதுதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார்.

“மலையில் பிறந்த ஆள் என்கிறாய். அப்படியென்றால் டைபாய்டாக இருக்கலாம். கீழே கொண்டுபோவதுதான் நல்லது.”

“நீங்களும் எங்கூர்க் கவுண்டரும் ஒரே பள்ளிக்கூடமுங்களா சாமி? மொதல்ல இதைப் பாருங்க!” என்று அவள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அர்த்தனாரி போட்டோக் கண்ணாடியை வாங்கி எதுவும் கேட்காமல் சாயம் ஏற்றினான், அலசினான், வெயிலில் காட்டினான். குழாயில் கண்ணை வைத்தான். அன்று அவள் ரத்தத்தில் கால்மணி நேரம் தேடியவன், இன்று மூச்சு விடுவதற்குள் நிமிர்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. டாக்டர் பார்த்தார். பிறகு அத்தாயியும் குனிந்தாள்.

தேடவே வேண்டியதில்லை. எங்கே பார்த்தாலும் அந்த நீல வளையம். ஒரு மணிக்குள் ஒன்று, இன்னொன்றுக்குள் இரண்டு, விளைந்த சாமைக்காடு மாதிரி நெருக்கம்.

“ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க. எனக்குள்ள ஒண்ணு, இவனுக்குள்ள இம்புட்டா? என்ற காவக்காரன் இவனுக்கு இல்லீங்களா?”

“இருந்தாங்கக்கா. ஒம்பது வருசம் பூச்சியே வராத எடத்துல இருந்தாருல்லீங்க, உடம்பு பழகினதை மறந்துருச்சு. தெனமும் சண்டை இருந்தாத்தான் நெனப்பிருக்கும்.”

“பன்னியே வராத காட்டுல பரண் போட்டு ஒக்காந்தவன் தூங்கிப்போவான். அதானே?”

“அதேதானுங்க.”

“அப்ப மலை தன் புள்ளையை அடிக்காதுங்கறது?”

அர்த்தனாரி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் பையில் ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: “சின்ன வயதில் எல்லாரையும் அடிக்கிறது அம்மா. அதில் தப்பிப் பிழைத்தவர்களுடைய உடம்புதான் பழகிக்கொள்கிறது.”

“தப்பாதவங்க?” என்று கேட்க வந்தவள் கேட்கவில்லை, பதில் அவளுக்கே தெரியும். அவள் அம்மா பெற்றது ஏழு. மிஞ்சியது இவளும் காளியண்ணனும்தான். மற்ற ஐந்தும் வயிறு உப்பி, உடம்பு கொதித்து, நடை பழகும் வயதிலேயே போய்ச் சேர்ந்தன. இவள் பெற்றதிலும் ஒன்று அப்படித்தான் போயிற்று. ஊரில் எந்த வீட்டில் இல்லை இந்தக் கதை? பிழைத்தவர்கள் மட்டும் வெளியூரான் எதிரில் நின்று பெருமை பேசியிருக்கிறார்கள், அதில் தன் குரல்தான் பெரிது என்று நினைக்கையில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டாக்டரின் மருந்துப் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “நீங்க தம்பியோட பையப் பைய வாங்க, நான் முன்னால போயி அவனைப் புடிச்சு நிறுத்தறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

ஊர் எல்லைக்கு வரும்போது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. எதிரே டோலி வந்துகொண்டிருந்தது! முன்னால் கருப்பண்ணன், பின்னால் இரண்டு பேர், பக்கத்தில் ருக்குமணியும் ஊர்க்கவுண்டரும். கவுண்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

“எறக்குங்க! எறக்குங்கறேன்! மலைக்காய்ச்சலேதான்! கண்ணால பாத்துட்டேன்!”

“அத்தாயி, நேரமாச்சு. வழிவிடு” என்றார் கவுண்டர்.

அப்போதுதான் அந்த ஊர் காணாத அதிசயம் நடந்தது. கருப்பண்ணன் பேசினான். “அவ பாத்துட்டேங்கறா. எறக்குங்க” என்று தோள் மூங்கிலைத் தாழ்த்தினான். முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கக்காரர்கள் என்ன செய்ய முடியும்? டோலி தரைக்கு வந்தது. டாக்டரும் அர்த்தனாரியும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது ஊரே பாதையில் உட்கார்ந்திருந்தது. பாதையோரப் பலாமரத்து நிழலிலேயே முதல் கொயினா ஊசி இறங்கியது.

இரண்டு நாள் யாருக்கும் உயிர் உயிராக இல்லை. டாக்டர் போகவில்லை, சாவடியிலேயே தங்கினார். அத்தாயி தம்பியின் நெற்றித் துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். வாய் திறக்கவேயில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் ஊர் ரொம்பவும் பயந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளியண்ணன் கண்ணைத் திறந்து, “அக்கா, களி இருக்குதா?” என்றான்.

அத்தாயி ‘ஓ’வென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள், ருக்குமணியைக் கட்டிக்கொண்டாள், கவுண்டரைப் பார்த்து, “களி கேக்கறான்! களி கேக்கறான்!” என்று கூவினாள். டாக்டர் கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்றது யார் காதிலும் விழவில்லை.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் அர்த்தனாரி மட்டும் வந்தான். காளியண்ணன் ரத்தத்தை மறுபடியும் எடுத்தான். இந்த முறை ஒழுங்கான கண்ணாடி கொண்டுவந்திருந்தான். வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றான். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் இருக்கிறான் என்பது அத்தாயிக்குத் தெரிந்துவிட்டது.

“தம்பி, மூணு நாளா எனக்கொரு ரோசனை. கீழ இருந்து வரும்போது அவன் ஒடம்புல பூச்சி இல்ல. இங்க வந்துதான் ஏறுச்சு. கொசு கடிச்சு ஏறுச்சு, சரி. கொசுவுக்கு அது எங்கிருந்துங்க வந்துச்சு?”

அர்த்தனாரி தரையைப் பார்த்தான்.

“சொல்லுங்க.”

“ரத்தத்துல பூச்சி இருக்கற ஆளைக் கொசு கடிக்குமுங்க. பொறவு பத்துப் பன்னண்டு நாள் கழிச்சு அடுத்த ஆளைக் கடிக்கறப்ப அவங்களுக்கு...”

“இந்த ஊட்டுல யாரு ரத்தத்துல இருந்துச்சு?”

கேட்டவளே தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். தன்னை ஒன்றும் செய்யாமல் இருபது வருஷமாகத் தனக்குள் குடியிருந்தது, தன் வாசல் வழியாகவே தம்பிக்குள் போயிருக்கலாம். இவள் வாசலோ, பக்கத்து வீட்டு வாசலோ! காய்ச்சல் இல்லாமல் திடமாகத் திரிகிற இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும்தான் பூச்சிக்குத் தானியக் குதிர். ஊரில் தவழ்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அது எங்கிருந்து வருகிறது என்பதும் அவளுக்கு அதோடு சேர்ந்து புரிந்துபோயிற்று.

“மாத்திரை குடுங்க.”

“அக்கா, ஒண்ணு சொல்லிப்போடறேன். ரெண்டு தினுசு தாரேன். நாலு இப்ப முழுங்கணும், மத்தது நாளைக்கு. முழுங்கினா பூச்சி சுத்தமாப் போயிரும். ஆனா ஊரு முச்சூடும் பூச்சி ஒழிஞ்சு நாலஞ்சு வருசமாச்சுன்னா, உங்க ஒடம்பும் மறந்துருமுங்க. உங்க தம்பியாட்டமே.”

கட்டிலில் சாய்ந்திருந்த காளியண்ணன் தலையைத் தூக்கினான். “அக்கா, வேண்டாம். அப்பறம் உனக்கும் காய்ச்சல் வருமே.”

“வரட்டுமே! வந்தா எனக்குத்தானே வரும்? எங்கிட்ட இருந்து ஒருத்தருக்கும் போகாதில்ல!”

நான்கையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கசப்பு தாங்காமல் முகத்தைக் கோணிக்கொண்டதைப் பார்த்து ருக்குமணி முதல்முறையாக நாத்தி எதிரில் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தாயி மாத்திரை டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அர்த்தனாரியின் கையைப் பிடித்து இழுத்தாள். ஊரில் நாற்பத்திரண்டு வீடு இருந்தது. முதலில் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனார்கள்.